திராட்சையை நீளவாக்கில் வெட்டுகிறவள்

எனக்குத் திராட்சையைக் கண்டால் பயம். சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். பாம்புக்குப் பயப்படலாம், கரண்டுக்குப் பயப்படலாம், மேலதிகாரிக்குப் பயப்படலாம். திராட்சைக்குப் பயப்படுகிறவளை என்ன செய்வது? ஆனால் ஒரு திராட்சையைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். வழுவழுவென்று, சின்னப் பிள்ளையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி இருக்கும். அப்படிப் பார்க்கப் பழகிவிட்ட கண்ணுக்குக் கடையில் இருக்கும் பண்டம் பாதி எமனாகத்தான் தெரியும்.

இது என் பிறவிக் குணம் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கீழப்பாவூரில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தோம். யாரோ ஒரு பாசக்காரி பிள்ளையின் கையில் தேங்காய்ச் சில்லு ஒன்றைக் கொடுத்துவிட்டாள். என் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று சத்தமில்லாமல் போனாள். வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள், "ஒண்ணுமில்லட்டி, பொரை ஏறிருக்கு. உச்சில தட்டு" என்றார்கள். ஒருத்தி உச்சந்தலையில் ஊதினாள். இன்னொருத்தி, "அப்பன்காரன் நெனைக்கான் போல" என்று சிரித்தாள். பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் தலையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

பந்தியில் இருந்த ஒரு அம்மாள் எச்சில் கையோடு எழுந்து வந்தார். பிள்ளையை என்னிடமிருந்து பறித்து, முன்னங்கை மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் அறைந்தார். அவர் மேல் பாய்ந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் சில்லு வெளியே விழுந்துவிட்டது. பிள்ளை வீரிட்டாள். "கத்தட்டும், கத்துனா நல்லதுதான்" என்று சொல்லி அவளை என் கையில் தந்துவிட்டு அந்த அம்மாள் கை கழுவப் போனார். யார் வீட்டு ஆள், என்ன வேலை பார்க்கிறவர், ஒன்றும் தெரியாது. நன்றி சொல்லலாம் என்று நான் தேடியபோது ஆள் போய்விட்டிருந்தார்.

எங்கள் பக்கம் யாருக்குப் புரையேறினாலும் செய்வது இதுதான். உச்சந்தலையில் தட்டுவோம், யாரோ நினைக்கிறார்கள் என்போம், யார் நினைத்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லுவோம். அதற்குள் இருமல் அடங்கிவிடும். தட்டியதால் அடங்கியது என்று நம்பிக்கொள்வோம். பாசமான பழக்கம்தான், குறை சொல்ல எனக்கும் மனசில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தத் தட்டும் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்துபோய் அந்த ஆளின் உதட்டு நிறத்தைப் பார்ப்பேன்.

ஆலங்குளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருமுறை முதலுதவி வகுப்பு வைத்தார்கள். மற்றவர்கள் டீக்கும் பன்னுக்கும் வந்தார்கள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இருமுகிறவரை இருமவிடுங்கள், அவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே வராதவரைத்தான் நீங்கள் தொடவேண்டும். முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டுங்கள். அதிலும் வராவிட்டால் பின்னால் நின்று இறுகக் கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து, உள்ளே அழுத்தி மேலே இழுங்கள். ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் செய்து காட்டினார். எங்களை ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னபோது பெண்கள் பெண்களோடு நின்று, கூச்சப்பட்டுச் சிரித்து, ஒப்புக்குக் கட்டிப்பிடித்துவிட்டு உட்கார்ந்தோம்.

அதோடு ஆரம்பித்தது என் வெட்டும் பழக்கம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுவேன். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், அதுவும் அடைக்கும். கேரட்டைத் துருவித்தான் தருவேன். வேர்க்கடலை வீட்டுக்குள் வராது. பிள்ளை வாயில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடினால் பின்னாலேயே ஓடுவேன். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு என்று கேள்விப்பட்டேன். என்ன பேச்சு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அதிகமாகக் கேலி செய்தது என் மாமனார். தென்காசியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கடைத்தெருவுக்கே அண்ணாச்சி. கடைக்குள் இருந்து பேசினால் எதிர்சாரிக்குக் கேட்கும். வாயில் சோறு இருக்கும்போதுதான் அவருக்குக் கதையே வரும். நான் அரிவாள்மனையும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் விடமாட்டார். "ஏம்மா, என்ன, திராட்சைக்கு ஆப்பரேசனா? பொழைச்சிருமா?" என்பார். வீடே சிரிக்கும், எனக்கும் சிரிப்பு வரும். பேச்சில் அப்படிக் கலகலப்பு. ஆனால் மற்றபடி அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அவர் உட்கார்ந்திருந்தால் நான் உட்காரமாட்டேன். காபியைக் கையில் கொடுக்கமாட்டேன், ஸ்டூலில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். யாரும் சட்டம் போட்டதில்லை, அந்த வீட்டில் மருமகள் அப்படித்தான். கல்யாணத்தன்றும், அப்புறம் பொங்கல் தீபாவளிக்கும் காலைத் தொட்டுக் கும்பிட்டதைத் தவிர அவர்மேல் என் விரல் பட்டதில்லை.

போன சாரலுக்கு, குற்றாலத்தில் அருவி விழும் சீசனில், மகளின் பிறந்தநாள் வந்தது. சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பமும், தூத்துக்குடியிலிருந்து என் கணவரின் சித்தப்பா வீட்டு ஆட்களும் குளிக்க வருகிறார்கள் என்றதும், பிறந்தநாளைக் குற்றாலத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று மாமனார் சொல்லிவிட்டார். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டை என் கணவர் வாடகைக்குப் பிடித்தார். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அடுப்பு பற்றவைக்கக் கூடாது. முன்னால் வந்து தங்கியவர்கள் மீன் பொரித்துச் சுவரையெல்லாம் எண்ணெய் ஆக்கிவிட்டார்களாம். மத்தியானச் சாப்பாடு மெஸ்ஸில். சாயங்காலம் கேக் வெட்டும்போது கொறிக்க ஏதாவது வேண்டுமே என்று பேச்சு வந்தது. "அடுப்பில்லாம பண்ண நம்ம வீட்ல ஒரு ஆள் இருக்காளே, வெட்டுதது அவளுக்குக் கைவந்த கலை" என்று மாமனார் என்னைக் காட்டினார்.

சமைக்காத பண்டம் என்றால் எல்லோருக்கும் சுலபம். எனக்கு அதுதான் கலக்கம். வேகவைத்தால் எதுவும் கொஞ்சமாவது இளகும், குழையும். பச்சையாகக் கொடுப்பது எல்லாம் கடினமாகவோ வழுக்கலாகவோதான் இருக்கும். கையில் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று நாத்தனார் போனில் சொன்னாள். ஒரே வாய்! அதுவும் ஓடி ஆடுகிற பிள்ளைகள் கூட்டத்தில்!

அன்று காலையில் எல்லோரும் அருவிக்குப் போனபிறகு அந்த அடுப்பில்லாத அடுக்களையில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். குரங்குகள் கம்பிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்து புதினாச் சட்னி அரைத்து எடுத்து வந்திருந்தேன். ரொட்டியின் ஓரங்களை அரிந்துவிட்டு, வெண்ணெயும் சட்னியும் தடவி, வெள்ளரிக்காயைக் காகிதம் போல் சீவி உள்ளே வைத்து, விரல் விரலாக வெட்டினேன். அவலை நனைத்துப் பிழிந்து, வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடிக்கத்தான் நினைத்தேன். உருண்டை என்றதும் கை நின்றுவிட்டது. தட்டையாகத் தட்டி வைத்தேன். பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்து, இன்னொரு தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்து, பொடித்த முந்திரியை அடைத்தேன். பன்னீரைக் கட்டியாக வெட்டாமல் உதிர்த்து, மிளகுத்தூள் தூவி, வெள்ளரி வில்லைகளின் மேல் வைத்தேன். எல்லாவற்றிலும் செருகுவதற்கு நாத்தனார் ஒரு டப்பா பல்குத்தும் குச்சி வாங்கி வந்திருந்தாள். அதைப் பரணில் எறிந்துவிட்டேன். கேட்டால் குரங்கு எடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் ரம்புட்டான். முந்தின நாள் மாமனார் சாலையோரத்தில் பை நிறைய வாங்கி வந்தது. சீசனில் குற்றாலம் வந்துவிட்டு ரம்புட்டான் தின்னாமல் போனால் அவருக்குச் சாமி குத்தம். முள்முள்ளான சிவப்புத் தோலை உரித்தால் உள்ளே கண்முழி மாதிரி வெள்ளையாக, வழுக்கிக்கொண்டு வரும். நடுவில் கொட்டை. என் பயத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு பழம் செய்தால் அது ரம்புட்டானாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக உரித்து, சதையைக் கொட்டையிலிருந்து செதுக்கி எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். கை விரலெல்லாம் பிசுபிசுத்தது. பாதிப் பைதான் முடிந்தது.

அதற்குள் வாசலில் கார் சத்தம். அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் சங்கு ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்களாம். சாயங்காலம் வரவேண்டிய கூட்டம் ஈரத்தலையும் பசியுமாகச் சீக்கிரமே வந்துவிட்டது. கேக் இன்னும் வரவில்லை, அதை வாங்கிவர என் கணவர் அப்படியே தென்காசிக்குத் திரும்பிப் போனார். பிள்ளைகள் தட்டுகளைப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை விருந்து என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து தின்னுங்க, ஓடாதீங்க, மென்னு தின்னுங்க. சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோனது. ஒரு பிள்ளை அவல் தட்டையை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் குதித்தது, இறக்கிவிட்டேன். இன்னொன்று இரண்டு பேரீச்சம்பழத்தை ஒன்றாகத் திணித்தது, ஒன்றை வாயிலிருந்தே பிடுங்கினேன். நாத்தனார் முகம் சுளித்தாள். என் மகள் என்னைப் பார்த்துப் பார்த்து எதையும் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பயம் வந்தது. என் பயத்தை நான் பிள்ளைக்கும் ஊட்டிவிடுகிறேனோ?

"ஏம்மா, போதும்மா. பிள்ளைகள தின்ன விடு" என்றார் மாமனார். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய கிண்ணத்தைப் பார்த்தார். "இது என்னது, பழத்த இப்படிச் சொரண்டி வச்சிருக்கே? சீக்காளிக்குக் குடுக்குத மாதிரி. பழத்தப் பழமாத் திங்கணும். ஏலே, எல்லாம் இங்கன வாங்கலே, தாத்தா எப்படித் திங்கேன் பாருங்க."

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பையிலிருந்து ஒரு ரம்புட்டானை எடுத்து, கட்டைவிரலால் தோலைக் கீறி, அண்ணாந்து, அப்படியே பிதுக்கினார். பழம் வாய்க்குள் போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சொல் வரவில்லை.

அத்தை, என் மாமியார், முதலில் எழுந்தார். "மெதுவாத் தின்னா என்ன? பொரை ஏறிட்டு" என்று உச்சந்தலையில் தட்டினார். "யாரோ பலமா நெனைக்காவ அண்ணாச்சிய" என்றார் தூத்துக்குடி சித்தி. "வேற யாரு, பாக்கி வச்சவனாத்தான் இருக்கும்" என்று யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. மாமனார் ஒரு கையால் கழுத்தைப் பிடித்தார். மறு கையால் அத்தையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கண் பெரிதாகிக்கொண்டே போனது. எதிர்சாரிக்குக் கேட்கிற மனிதரிடமிருந்து ஒரு சின்ன முனகல் கூட வரவில்லை.

இருமவில்லை. அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் அது கேட்டது, அதாவது கேட்காமல் இருந்தது கேட்டது. காலையிலிருந்து இத்தனை பிள்ளைகளின் தொண்டையைக் காவல் காத்தவள் இந்தத் தொண்டையை நினைத்தே பார்க்கவில்லை.

அத்தை சொம்புத் தண்ணீரை அவர் வாயருகே கொண்டுபோனார். நான் ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டேன். சொம்பு உருண்டு சுவரில் முட்டியது. சிரிப்பு நின்றது. "ஏட்டி, என்னட்டி பண்ணுதே?" என்று அத்தை கத்தினார். மாமனாரின் தோளைப் பிடித்து முன்னால் குனியவைத்தேன். பிடித்தபோதே கை கூசியது, இது எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். முதுகில் தட்டினேன். முதல் அடி அடியாகவே இல்லை. மாமனார் முதுகு அல்லவா? அடுத்ததை ஓங்கிப் போட்டேன், அதற்கடுத்ததை இன்னும் ஓங்கி. ஒன்றும் வரவில்லை. "அப்பாவ அடிக்கா! அம்மா, அப்பாவ அடிக்கா!" என்று நாத்தனார் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவருக்குப் பின்னால் நின்றேன். என் கைகள் அவர் இடுப்பைச் சுற்றிப் போகவேண்டும். எத்தனையோ வருஷமாகக் காபி டம்ளரைக்கூடக் கையில் கொடுக்காத கைகள். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒரு கணம் நின்றுவிட்டேன். அப்போது அவருடைய காது மடலைப் பார்த்தேன். அது நாவற்பழ நிறத்தில் இருந்தது.

கட்டிப்பிடித்தேன். கைமுட்டியை வயிற்றில் வைத்து, மறு கையால் பொத்தி, உள்ளே அழுத்தி மேலே இழுத்தேன். கனத்த உடம்பு, அசையவில்லை. என் முகம் அவர் ஈர முதுகில் அழுந்திக் கிடந்தது. சாமி, சாமி என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். கால் தளர்ந்து அவர் என்மேல் சாய ஆரம்பித்தார். விழுந்தால் முடிந்தது என்று தெரிந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, இன்னொரு தடவை முழுப் பலத்தோடு இழுத்தேன். பழம் முழுசாக, கொட்டையும் சதையுமாக, எதிரே நின்ற பிள்ளைகளின் காலடியில் போய் விழுந்தது.

அவர் மூச்சை இழுத்த சத்தம் கதவுக் கீல் மாதிரி கேட்டது. பிறகு இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். நான் கையை எடுக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தைதான் என் விரல்களைப் பிரித்துவிட்டார்.

தென்காசியில் டாக்டர் வயிற்றையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கேக்கை அன்றிரவு வீட்டில் வெட்டினோம். ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமனார் என்னை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் கூடத்துக்கு வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். கேலி நின்றுபோனது. நான் திராட்சை வெட்டும்போது ஆப்பரேசனா என்று கேட்க ஆள் இல்லை. அவரைத் தொட்டதால் அவருக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்தேன். உயிர் பிழைத்தவர் என்னை வெறுக்கிறாரோ என்று இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஆலங்குளத்தில் பஸ் கிடைக்காமல் நெடுநேரம் நின்று, இருட்டியபிறகு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் தூங்கிப்போயிருந்தாள். மாமனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டில் இட்லி, சட்னி காய்ந்துபோய் இருந்தது.

அத்தை என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "நல்லா வந்தே. ஆறிப்போச்சு, தின்னுங்க தின்னுங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன், தொடமாட்டேங்காவ. நீ இல்லாட்டி எப்பவும் இப்படித்தான். நீ ஆபீஸ் போற நாள்ல மத்தியானம் கடைலயும் வெறும் மோரக் குடிச்சிட்டு இருக்காவளாம், கடைப் பையன் சொல்லுதான். என்ன வீம்போ."

நான் மாமனாரைப் பார்த்தேன். பேப்பர் இல்லை, மறைக்க எதுவும் இல்லை. கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினார்.

"அவ வரட்டும்னுதான் இருந்தேன்" என்றார். அந்தக் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

அடுக்களைக்குப் போகத் திரும்பினேன். "இங்கன ஒக்காரும்மா" என்றார். எதிர் நாற்காலியைக் காட்டினார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். அவர் இட்லியைப் பிட்டார். பிட்டதை மறுபடியும் பிட்டார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆனபிறகு வாயில் வைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.